ஐஸ் வாளியும் பஸரும்

சால்ட் லேக், கொல்கத்தா
24 ஆகஸ்ட் 2025

உதய்,

அம்மா போனை என்னிடம் நீட்டும்போதெல்லாம் நீ "ம்", "சரி" என்று சொல்லிவிட்டு அப்பாவிடம் கொடுத்துவிடுகிறாய். வாட்ஸாப்பில் நீலக் கோடு விழுகிறது, பதில் வருவதில்லை. அதனால்தான் கடிதம். இதில் ஒரு வசதி, நான் முடிக்கும் முன் நீ குறுக்கே பேச முடியாது. தமிழில் எழுதுவதற்குக் காரணம் ரித்விகா. வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, என் மேசையில் எது இருந்தாலும் எடுத்துப் படித்துவிடுகிறாள். தமிழ் மட்டும்தான் அவளுக்குப் படிக்கத் தெரியாது.

நீயும் அப்பாவும் நாக்பூருக்குப் போன பிறகு குளியலறை எப்போதும் காலியாக இருக்கிறது. அம்மா அலிப்பூரில் வங்கி முடிந்து வந்ததும் நேராக எதிர் வீட்டு சௌமி காக்கிமாவிடம் போய் டீ குடித்துப் பேசிக்கொண்டிருக்கிறாள். முன்பு இப்படிப் போகமாட்டாள். நான் பள்ளி நூலகத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.

மாலபிகா மிஸ் உயிரியலுக்கு ஒரு புராஜெக்ட் கேட்டிருக்கிறார். மன அழுத்தம் ஆண்களையும் பெண்களையும் ஒரே மாதிரி பாதிக்கிறதா என்பதை எடுத்துக்கொண்டேன். ஏன் என்று உனக்குத் தெரியும்.

ஜூலை க்விஸ் இறுதிப் போட்டியில் நடந்ததை வரிசையாக எழுதிப் பார்த்தேன். நாம் பதினைந்து புள்ளி முன்னால் இருந்தோம். கடைசி பஸர் கேள்வி. சரியாகச் சொன்னால் பத்து, தவறினால் இருபது கழியும். நாம் தொடாமல் இருந்தாலே கோப்பை நமக்கு. தலைநகரம் கல்கத்தாவிலிருந்து தில்லிக்கு மாறியது பற்றி க்விஸ்மாஸ்டர் பாதி வாக்கியம் வாசிப்பதற்குள் நீ பஸரை அழுத்திவிட்டாய். அழுத்தினால் வாசிப்பது நின்றுவிடும். புது தில்லியைக் கட்டியவரைக் கேட்கிறார் என்று நினைத்து லட்யன்ஸ் என்றாய். அவர் கேட்க வந்தது, மாற்றத்தை அறிவித்த மன்னர் யார் என்று. நான் பக்கத்தில் கல் மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

இனி நான் படித்தது. நெடுங்காலம் ஆய்வகங்களில் இந்தச் சோதனைகளுக்குப் பெரும்பாலும் ஆண் எலிகளையே வைத்துக்கொண்டார்களாம். பெண் எலிக்கு ஹார்மோன் ஏறி இறங்குவதால் கணக்கு குழம்பிவிடும் என்று பயம். பிறகு பெண் எலிகளையும் சேர்த்துப் பார்த்தபோது, ஒரே அதிர்ச்சிக்குப் பின் ஆண் எலிகள் ஒரு பாடத்தை வேகமாகக் கற்றன, பெண் எலிகள் பின்தங்கின. நீண்ட நாள் நெருக்கடியில் வைத்தால் சில சோதனைகளில் இது தலைகீழாகிறது. மனிதர்களை வைத்தும் செய்திருக்கிறார்கள். ஐஸ் தண்ணீரில் கையை வைக்கச் சொல்லி, உடனே லாபமும் ஆபத்தும் கலந்த விளையாட்டு ஒன்றைக் கொடுக்கிறார்கள். சராசரியாக ஆண்கள் இன்னும் துணிகிறார்கள், பெண்கள் இன்னும் அடங்குகிறார்கள்.

ஆகவே அன்று அழுத்தியது நீ இல்லை, மன அழுத்தத்தில் சுரக்கும் ஹார்மோன், உன் கார்ட்டிசால். நான் உறைந்துபோனதும் அதே காரணத்தால்தான். உன்னை மன்னித்துவிட்டேன்.

டிசம்பர் கடைசியில் லேக் கார்டன்ஸ் கிளப்பில் குளிர்கால க்விஸ். பள்ளிப் பெயர் தேவையில்லை, இரண்டு பேர் இருந்தால் போதும். நவம்பர் முடிவதற்குள் பெயர் கொடுக்க வேண்டும். உன்னை இனி எந்த க்விஸ்ஸுக்கும் அனுப்பமாட்டேன் என்று அப்பா சொன்னது நினைவிருக்கிறது. இந்த ஆராய்ச்சியைக் காட்டினால் மனம் மாறலாம். வருகிறாயா? இல்லையென்றால் ரித்விகா தன்னைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

மிருதுளா


நாக்பூர்
2 செப்டம்பர் 2025

மிருதுளா,

உன் கவரை அப்பா திருப்பித் திருப்பிப் பார்த்தார். வருமான வரி நோட்டீஸ் என்று நினைத்துவிட்டாராம்.

எலிகளைப் பற்றிப் படித்தேன். எனக்கு வால் இல்லை. நான் உன்னிடம் மன்னிப்பு கேட்டதாகவும் ஞாபகம் இல்லை.

இங்கே பள்ளி பரவாயில்லை. அப்பா சாதம் வைக்கிறார், நான் ரசம் வைக்கிறேன். அதை ரசம் என்று நாங்கள் இருவரும் ஒப்புக்கொண்டிருக்கிறோம். அப்பா ஆபீஸிலிருந்து வந்தால் பேசுவதில்லை. ஷூ பாலிஷ் போடுகிறார். நேற்றுப் போட்டதையே இன்றும் போடுகிறார். அம்மா காக்கிமா வீட்டில் டீ குடிப்பதை எழுதியிருக்கிறாயே, இதையும் உன் புராஜெக்டில் சேர்த்துக்கொள்.

க்விஸ்ஸுக்கு ரித்விகாவோடு போ.

உதய்


சால்ட் லேக்
9 செப்டம்பர் 2025

உதய்,

அப்பாவின் ஷூ உண்மையிலேயே பயன்படும். நெருக்கடியில் பெண்கள் துணை தேடிப் போவார்கள், ஆண்கள் சண்டைக்கு நிற்பார்கள் அல்லது ஒதுங்கிவிடுவார்கள் என்று ஒரு கருத்து இருக்கிறது. அப்பாவுக்கு மாற்றல் உத்தரவு வந்த வாரத்தை நினைத்துப் பார். அம்மா எல்லோருக்கும் போன் செய்தாள். அப்பா வராந்தாவில் உட்கார்ந்து ஒரே பேப்பரைப் படித்தார். நான் அதைக் குறித்து வைத்திருக்கிறேன்.

சோதனையைப் பள்ளியிலேயே செய்ய அனுமதி கிடைத்தது. ரித்விகாவின் அண்ணன் லேப்டாப்பில் ஒரு விளையாட்டு எழுதிக் கொடுத்தார். திரையில் ஒரு பலூன். ஒவ்வொரு தடவை ஊதும்போதும் ஒரு புள்ளி. எப்போது வெடிக்கும் என்று தெரியாது. வெடித்தால் அந்தப் பலூனில் சேர்த்ததெல்லாம் போய்விடும். முதலில் சும்மா ஆட வேண்டும், பிறகு ஐஸ் தண்ணீரில் கையை வைத்துவிட்டு ஆட வேண்டும். வித்தியாசத்தைக் கணக்கிட வேண்டும்.

நம் ஃப்ரிட்ஜ் ஐஸ் போதாது. நம் குடியிருப்புச் சந்தையில், எல்லோரும் தாதா என்று கூப்பிடும் மீன்கார அண்ணனிடம் கேட்டேன். ஒரு வாளி நிறையக் கொடுத்தார். அந்த ஐஸ் மேல் ஹில்சா மீன் படுத்திருந்தது என்பதை நான் யோசிக்கவில்லை. அம்மா வாசலிலேயே நிறுத்திவிட்டாள். "அந்த வாளி இனிமே இந்த வீட்டுக்குள்ள வராது. நீயும் குளிச்சிட்டுத்தான் வரணும்." வாளி இப்போது வாசலுக்கு வெளியே உள்ள பால்கனியில் இருக்கிறது. காக்கிமாவின் பூனை அதைச் சுற்றியே வருகிறது.

நீ கோபமாக இருக்கிறாய் என்று தெரிகிறது, எதற்கென்று தெரியவில்லை. அழுத்தியவன் நீ. கோபப்பட வேண்டியவள் நான், நானே விட்டுவிட்டேன். உனக்கு என்ன வேண்டும்?

மிருதுளா


நாக்பூர்
18 செப்டம்பர் 2025

மிருதுளா,

கேட்டுவிட்டாய், சொல்கிறேன்.

நமக்குள் ஒரு ஏற்பாடு இருந்தது. எட்டாம் வகுப்பிலிருந்து. மேசைக்கடியில் பாதத்தை மிதித்தால் "வேண்டாம்". காலில் உதைத்தால் "எனக்குத் தெரியும், அழுத்து". இது அம்மாவுக்கும் தெரியாது, உன் ரித்விகாவுக்கும் தெரியாது.

நீ என் இடது பக்கம் உட்கார்ந்திருந்தாய். க்விஸ்மாஸ்டர் "தலைநகரம்" என்று சொன்னதும் என் இடது காலில் உதைத்தாய். மெதுவாக இல்லை, மறுநாள் அங்கே நீலமாக இருந்தது. நான் அழுத்தினேன். உன் முகத்தைப் பார்த்தேன். நீ பதில் சொல்வாய் என்று காத்திருந்தேன். நீ வாயைத் திறக்கவில்லை. நேரம் முடியப் போகிறது, மனதில் வந்ததைச் சொன்னேன்.

திரும்பும்போது டாக்ஸியில் அப்பா கேட்டார், "ஏண்டா அழுத்தின?" நான் உன்னைப் பார்த்தேன். நீ ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, "நான் ஒண்ணுமே பண்ணலப்பா, அவனாத்தான் அழுத்தினான்" என்றாய்.

அப்போதே நான் சொல்லியிருக்கலாம். சொன்னால் ஒன்று நீ பொய்க்காரி ஆவாய், இல்லை நான் தங்கச்சி மேல் பழி போடுகிறவன் ஆவேன். இரண்டும் எனக்குப் பிடிக்கவில்லை. அவசரக்குடுக்கை என்ற பெயர் எனக்கு ஏற்கெனவே உண்டு. இன்னொரு தடவை வாங்கிக்கொண்டேன். ஆனால் அதற்காக க்விஸ்ஸை நிறுத்துவார், என்னை மட்டும் இங்கே கூட்டிக்கொண்டு வருவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. "நிதானம் இல்லாதவனை என் கண் முன்னாடி வச்சுக்கறேன்" என்று அம்மாவிடம் சொன்னார். நீ பக்கத்தில்தான் நின்றாய்.

இப்போது எலிகளைக் கொண்டுவந்து மன்னிக்கிறாய்.

உதய்


சால்ட் லேக்
24 செப்டம்பர் 2025

உதய்,

நேற்று முழுக்க மழை, கொல்கத்தா தண்ணீரில் நிற்கிறது. பள்ளி இல்லை. தபால்பெட்டி வரை எப்படிப் போவேன் என்று தெரியவில்லை, ஆனாலும் இதை இன்றே எழுதியாக வேண்டும்.

நான் உதைக்கவில்லை. பொய் சொல்லவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன். அந்த நிமிடம் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. க்விஸ்மாஸ்டரின் மூக்குக்கண்ணாடி, அவர் கையிலிருந்த மஞ்சள் அட்டை, அவர் "கேபிடல்" என்று சொன்னபோது உதடு சுழித்தது எல்லாம். நான் அசையவே இல்லை. அசைய முடியவில்லை. பதில் தெரியாமல் நான் ஏன் உன்னை உதைக்கப் போகிறேன்?

மேசைக்கால் பட்டிருக்கும். அல்லது நீயே இடித்துக்கொண்டிருப்பாய்.

இத்தனை நாள் என்னைப் பொய்க்காரி என்று நினைத்துக்கொண்டுதான் "ம்", "சரி" என்று பேசினாயா?

மிருதுளா


சால்ட் லேக்
12 அக்டோபர் 2025

உதய்,

என் கடைசிக் கடிதத்துக்கு நீ பதில் போடவில்லை. போடமாட்டாய் என்றுதான் நினைத்தேன். ஒரு விஷயம் நடந்தது, அதை நடந்தபடி எழுதுகிறேன்.

பூஜை விடுமுறையில் ரித்விகா வந்தாள். பள்ளி திறந்ததும் மற்றவர்களிடம் செய்யப்போகும் சோதனையை முதலில் ஒருவர்மேல் செய்து பார்த்துவிடலாம் என்றாள். அந்த ஒருவர் நான். பால்கனியில் நாற்காலி போட்டு, மீன்கார அண்ணனின் ஐஸை வாளியில் கொட்டி, அதில் இடது கையை வைத்தேன். முதலில் குளிர், பிறகு எலும்பில் வலி. நான் அழுவேன் அல்லது பயப்படுவேன் என்று எதிர்பார்த்தேன். எனக்குக் கோபம்தான் வந்தது. யார்மேல் என்று தெரியாத கோபம்.

ரித்விகா, "ஏன் வாளியை உதைக்கிறாய்?" என்று கேட்டாள். நான் உதைக்கவில்லை என்றேன். அவள் போனை எடுத்து வீடியோ படம் பிடித்தாள். பிறகு காட்டினாள். என் முகம் சிலை மாதிரி இருக்கிறது. கீழே வலது கால் வாளியை உதைத்துக்கொண்டே இருக்கிறது. தண்ணீர் தரையெல்லாம் சிந்தியிருக்கிறது. அந்தக் கால் என்னுடையது என்பதே படத்தைப் பார்க்கும்வரை எனக்குத் தெரியவில்லை.

நான் உன் இடது பக்கம் உட்கார்ந்திருந்தேன். உன் இடது காலுக்குப் பக்கத்தில் இருந்தது என் வலது கால்.

அதோடு முடியவில்லை. கையைத் துடைத்துவிட்டுப் பலூன் ஆடினேன். ஐஸ் இல்லாமல் ஆடியபோது நான் நல்ல பெண், கொஞ்சம் ஊதி நிறுத்திக்கொண்டேன். ஐஸுக்குப் பிறகு ஒரு பலூனைக்கூட நிறுத்தவில்லை. எல்லாம் வெடித்தன. ரித்விகா சிரித்துச் சிரித்து, இனி என்னைக் கரியாஹாட் கடைகளுக்குப் பேரம் பேசக் கூட்டிப் போகமாட்டேன் என்றாள். பிறகு அவள் ஆடினாள். அவள் ஐஸுக்குப் பின் பலூனைத் தொடவே தயங்கினாள். புத்தகம் சொன்ன பெண் அவள்தான். நான் இல்லை.

இது ஜூலையில் நடந்ததை நிரூபிக்காது. ஆனால் உதைக்கவில்லை என்று செய்த சத்தியத்தைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். நெருக்கடியில் மூளை நடுவில் இருப்பதை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஓரத்தில் இருப்பதை விட்டுவிடும் என்று படித்திருக்கிறேன். அன்று எனக்கு நடுவில் மஞ்சள் அட்டை இருந்தது. கால் ஓரத்தில் இருந்தது. நீ சொன்னதை நம்புகிறேன். நானும் பொய் சொல்லவில்லை என்பதை நீ நம்ப வேண்டும் என்று கேட்கிறேன், கட்டாயம் இல்லை.

நான் உன்னைக் கார்ட்டிசால் என்றேன். உன் உடம்பைப் பற்றி எலிப் புத்தகத்தில் தேடினேன், உன்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், மேசைக்கடி ஏற்பாடு உள்பட. மடித்துக்கொண்டிருந்த புடவையைக் கட்டிலில் வைத்தாள். பிறகு, "அப்பாகிட்ட நான் சொல்லமாட்டேன். நீ பேசு. அவர் முன்னாடி சொன்னதை அவர்கிட்டயே போய் மாத்து" என்றாள். நாளை இரவு சாப்பாட்டுக்குப் பிறகு போன் செய்வேன்.

மிருதுளா


நாக்பூர்
27 அக்டோபர் 2025

மிருது,

நீ பேசியபோது அப்பா ஸ்பீக்கரில் போட்டிருந்தார். நீ காகிதத்தைப் பார்த்து வாசித்தாய் என்று நினைக்கிறேன். "முதலாவதாக", "இரண்டாவதாக" என்றெல்லாம் சொன்னாய். அப்பா "வீடியோவ அனுப்பு" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தார்.

படத்தைப் பார்த்தார். மறுபடி பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"அவ உதைச்சாளா?"

"ஆமாம்பா."

"ஏண்டா சொல்லல?"

நான் ரசத்தைக் கரண்டியால் கலக்கினேன்.

"சரி, அப்ப தப்பு யாரு மேல?"

"யார் மேலயும் இல்லப்பா."

"அதெப்படி? இருபது மார்க் போச்சே."

அவர் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். தீபாவளிக்கு வழக்கம்போல லட்டு வாங்கினார். உதையைப் பற்றிப் பேச்சே இல்லை. முந்தாநாள் காலையில் ஆபீஸுக்குக் கிளம்பும்போது ஷூவுக்குள் ஒரு காலை விட்டுக்கொண்டே, "லேக் கார்டன்ஸ்ல எந்தத் தேதி?" என்று கேட்டார். தேதியைச் சொன்னேன். "டிக்கெட் கிடைக்குமான்னு பார். ரெண்டு பேருக்கு. நானும் வந்து உக்காந்து பாக்கறேன், எவன் எவனை உதைக்கறான்னு."

அதுதான் அவர் மன்னிப்பு என்று நினைக்கிறேன்.

நீ பொய் சொல்லவில்லை என்று நம்புகிறேன். உன் கடிதத்துக்காகச் சொல்லவில்லை, படத்தில் உன் முகத்தைப் பார்த்தேன். டாக்ஸியிலும் அதே முகம்தான்.

நானும் ஒன்று சொல்லிவிடுகிறேன். நீ உதைக்காமல் இருந்தாலும் நான் அழுத்தியிருப்பேனோ என்று யோசிக்கிறேன். தெரியவில்லை. என் விரல் ஏற்கெனவே பஸர்மேல்தான் இருந்தது.

இன்னொன்று. ஆண்கள் துணிவார்கள் என்று உன் புத்தகத்தில் இருக்கிறது. இங்கே வகுப்பில் பதில் தெரிந்தாலும் நான் கை தூக்குவதில்லை. ஜூலையிலிருந்து அப்படித்தான். வாய் வரை வரும், தவறாக இருந்தால் என்று தோன்றும், விட்டுவிடுவேன். வேறொருவன் அதே பதிலைச் சொல்வான். ஆசிரியர்கள் நான் ரொம்ப அமைதியான பையன் என்று அப்பாவிடம் சொன்னார்கள், அப்பாவுக்குச் சந்தோஷம். இதை உன் புராஜெக்டில் எந்தப் பக்கம் எழுதுவாய்?

வருகிறேன். ஆனால் பஸரை நீ வைத்துக்கொள். நான் தொடமாட்டேன். எனக்குத் தெரிந்தால் உன் காதில் சொல்கிறேன்.

உதய்


சால்ட் லேக்
16 நவம்பர் 2025

உதய்,

புராஜெக்டைக் கொடுத்துவிட்டேன். வகுப்பில் பாதிப் பேர் கையை ஐஸில் வைத்தார்கள். பிரசூன் மட்டும் அம்மாவிடம் கேட்டுவிட்டு வருகிறேன் என்று போனவன் திரும்பி வரவில்லை. கணக்குப் போட்டால் ஐஸுக்குப் பிறகு பையன்கள் சராசரியாகக் கொஞ்சம் அதிகம் ஊதுகிறார்கள், பெண்கள் கொஞ்சம் குறைவாக ஊதுகிறார்கள். புத்தகம் சொன்ன திசைதான். ஆனால் ஒவ்வொருவரையும் ஒரு புள்ளியாக வைத்து வரைந்தால் இரண்டு கூட்டமும் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து கிடக்கின்றன. நிறத்தை எடுத்துவிட்டால் எது பையன், எது பெண் என்று என்னாலேயே சொல்ல முடியவில்லை. இவ்வளவு குறைந்த பேரை வைத்து எதையும் முடிவு கட்டக்கூடாது என்று மாலபிகா மிஸ் எழுதச் சொன்னார், எழுதினேன்.

பெண்கள் பக்கம் ஒரு புள்ளி மட்டும் எல்லோருக்கும் மேலே தனியாக இருந்தது. மிஸ் அது யார் என்று கேட்டார். நான்தான் என்றேன். சோதனையின் நோக்கம் தெரிந்தவள் அதில் பங்கெடுக்கக்கூடாது, கணக்கிலிருந்து எடு என்றார். அவர் சொன்னது சரி. சராசரியிலிருந்து எடுத்துவிட்டேன். படத்திலிருந்து எடுக்க மனம் வரவில்லை. உள்ளே நிறம் நிரப்பாத வெறும் வட்டமாக வரைந்து, கீழே காரணம் எழுதிவிட்டேன். மிஸ் விட்டுவிட்டார்.

நீ கேட்டதை எந்தப் பக்கமும் எழுதவில்லை. உன்னைப் பற்றியது என் புராஜெக்ட் இல்லை. ஆனால் உன் கடிதத்தைப் படித்த பிறகு அன்று நான் வேறு எதுவும் படிக்கவில்லை. குறுக்கே பேசாத உன்னை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

நேற்று அம்மாவோடு லேக் கார்டன்ஸ் போய்ப் பெயர் கொடுத்தேன். பெயர் பதியும் மேசையில் இருந்த அண்ணன், பஸர் கேப்டன் கையில்தான் இருக்க வேண்டும், காதில் சொல்லி அழுத்தவைப்பது கூடாது என்றார். கேப்டன் யார் என்று கேட்டார். உன் பெயரைச் சொன்னேன். நீ வேண்டாம் என்பாய் என்று தெரிந்தே சொன்னேன். என் கையில் கொடுத்தால் என்ன ஆகும் என்று ரித்விகாவின் போனில் இருக்கிறது.

ஒரே ஒரு மாற்றம். உதைக்கு இனி அர்த்தம் இல்லை, மிதிக்கும் இல்லை. என் கால் எதையாவது செய்யும், அதை என்னால் தடுக்க முடியும் என்று வாக்குத் தர முடியாது. பட்டால் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்துகொள். நீ அழுத்திய பிறகு எனக்குப் பதில் தெரிந்தால் வாயைத் திறந்து சொல்கிறேன்.

உனக்குத் தெரிந்தால் யாரையும் பார்க்காமல் அழுத்து. தவறினால் புள்ளி போகும், அவ்வளவுதான். அப்பா முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார், இந்தத் தடவை டாக்ஸியில் அவருக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

மிருது